சிவப்புப் புள்ளிகள் ஏன் ஒரே பக்கம் குவிகின்றன? குற்றவாளிப் பதிவேடு, இனம், வாடகை [விவாத இழை]

சரவணன்_சார்லட்

வணக்கம். வட கரோலினா, சார்லட்டில் வீடு வாங்கப் பார்க்கிறோம். பாலண்டைன் பக்கம் நம் ஆட்கள் நிறைய, பள்ளிக்கூடங்களுக்கும் நல்ல பெயர். ஆனால் விலை கைக்கு எட்டவில்லை. வடமேற்கே பீட்டீஸ் ஃபோர்ட் ரோடு பக்கம் போனால் அதே பணத்துக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கிறது.

நேற்று ராத்திரி மனைவி மாநில அரசின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுத் தளத்தைத் திறந்து, நாங்கள் பார்த்து வைத்திருந்த முகவரியைப் போட்டாள். வரைபடத்தில் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தண்டனை பெற்ற ஒருவர் குடியிருக்கும் இடம். அதே தளத்தில் பாலண்டைன் முகவரியைப் போட்டால் அங்கொன்றும் இங்கொன்றும்தான். "இந்தப் பக்கமே வேண்டாம்" என்று மடிக்கணினியை மூடிவிட்டாள்.

இரண்டு கேள்விகள். இந்தப் புள்ளிகளை வைத்து வீட்டை முடிவு செய்யலாமா? இன்னொன்று கொஞ்சம் சங்கடமான கேள்வி. அந்தப் பகுதியில் கறுப்பினத்தவர்தான் அதிகம். ஆனால் புள்ளி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால் வெள்ளை முகங்களும் நிறைய வருகின்றன. வெள்ளையர்கள் அவ்வளவாகக் குடியிருக்காத ஒரு பேட்டையில் இந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

டெக்சாஸ்_பாண்டி

குழந்தை இருக்கிற வீடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை, பாலண்டைன் பக்கமே பாருங்கள். கேள்வி இரண்டுக்கு எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மீனாட்சி_கேரி

சரவணன், புள்ளியை மட்டும் எண்ணாதீர்கள். திறந்து உள்ளே படியுங்கள். என்ன குற்றம், எந்த வருடம், பாதிக்கப்பட்டவரின் வயது என்ன என்று பெரும்பாலான மாநிலத் தளங்கள் ஏதாவது ஒரு அளவுக்குக் காட்டும். இன்னொன்று, முகவரியைக் கவனியுங்கள். ஒரே கதவு எண்ணில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அது குடும்பம் குடியிருக்கும் வீடு இல்லை. வார வாடகை மோட்டல், அறை அறையாக விடும் பழைய வீடு, இல்லையென்றால் வீடற்றோர் தங்குமிடம். உங்கள் "கொத்து" அப்படிப்பட்ட ஒரே கட்டடமாக இருக்கலாம்.

சரவணன்_சார்லட்

அக்கா, சரியாகச் சொன்னீர்கள். இப்போதுதான் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே முகவரி. தெருக் காட்சியில் பார்த்தால் பழைய மோட்டல், வாசலில் "வார வாடகை" பலகை.

லூயிவில்_கண்ணன்

சரவணனின் இரண்டாவது கேள்விதான் இந்த இழையில் பேச வேண்டியது. நான் கென்டக்கியில், லூயிவில்லில், நில வரைபட வேலை செய்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். கலிஃபோர்னியா 1947-லேயே பதிவேடு தொடங்கியது. ஆனால் அது போலீசின் உள் ஆவணம். 1994-ல் மத்திய அரசு எல்லா மாநிலங்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. அதே வருடம் நியூ ஜெர்சியில் எதிர் வீட்டில் குடியிருந்த ஒருவன் மேகன் என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கொன்றான். முன்பே தண்டனை பெற்றவன் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதிலிருந்து வந்ததுதான் மேகன் சட்டம், 1996-ல் நாடு முழுவதற்கும் ஆனது. பதிவேடு பொதுமக்கள் கண்ணுக்கு வந்தது அப்படித்தான். 2006-ல் ஆடம் வால்ஷ் சட்டம். குற்றங்களை மூன்று அடுக்காகப் பிரித்து 15 வருடம், 25 வருடம், ஆயுள் முழுவதும் என்று பதிவுக் காலம் வைத்தார்கள். இன்றைக்கு நாடு முழுக்க எட்டு ஒன்பது லட்சம் பேர் பதிவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது வரை தகவல் சொல்லும் சட்டம். புள்ளிகளை நகர்த்தியது வேறொரு சட்டம்: பள்ளி, டேகேர், பூங்காவிலிருந்து இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்பது. மாநிலத்துக்கு மாநிலம் அளவு மாறும். உங்கள் வட கரோலினாவில் பள்ளி, டேகேரிலிருந்து 1,000 அடி. அயோவாவில் 2,000 அடி என்று 2002-ல் கொண்டுவந்தார்கள். மயாமி-டேட் கவுன்ட்டியில் 2,500 அடி.

காகிதத்தில் 1,000 அடி என்றால் சின்ன வட்டம். வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நகரத்துக்குள் பள்ளிக்கூடம் எத்தனை, டேகேர் எத்தனை! ஒவ்வொன்றைச் சுற்றியும் வட்டம் போட்டால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரையே மூடிவிடும். ஃபிளாரிடாவில் ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுன்ட்டியை 2006-ல் இரண்டு ஆய்வாளர்கள் இப்படிக் கணக்கிட்டார்கள். பள்ளிப் பேருந்து நிறுத்தங்களையும் சேர்த்து 1,000 அடி வட்டம் போட்டால் குடியிருப்பு மனைகளில் 5 சதவீதம்தான் மிஞ்சியது. அந்த மிச்சத்திலும் வீட்டுக்காரர் வாடகைக்குக் கொடுக்க வேண்டும். பின்னணி பார்க்காத வீட்டுக்காரர் எந்தப் பக்கம் இருப்பார்? ஆயுள் பதிவு உள்ளவருக்கு அரசு வாடகைக் குடியிருப்பும் 1998 முதல் கிடையாது. தண்டனை முடிந்து வந்தவருக்கு நல்ல வேலை கிடைப்பதும் அரிது.

எல்லா வடிகட்டியும் போட்ட பிறகு மிஞ்சுவது எது என்றால், வீடு மலிவாக இருக்கும், வீட்டுக்காரர் கேள்வி கேட்காத, எதிர்த்து மனு கொடுக்க ஆளில்லாத பேட்டை.

எங்கள் ஜெஃபர்சன் கவுன்ட்டியை வைத்து ரிச்சர்ட் டூக்ஸ்பரி, எலிசபெத் மஸ்டெய்ன் இருவரும் 2000-களில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். பதிவில் உள்ளவர்களின் முகவரியையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பகுதிவாரி விவரத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். ஏழ்மை அதிகம், வேலையில்லாதவர் அதிகம், வீட்டின் மதிப்பு குறைவு. அப்படிப்பட்ட பகுதிகளிலேயே இவர்கள் அதிகம் இருந்தார்கள்.

இனி இனம். லூயிவில்லில் 'ஒன்பதாம் தெருக் கோடு' என்று ஒரு பேச்சு உண்டு. அந்தத் தெருவுக்கு மேற்கே வெஸ்ட் எண்ட், கறுப்பினத்தவர் பகுதி. அது தானாக அமையவில்லை. வெள்ளையர் அதிகமுள்ள தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று 1914-ல் இந்த ஊர் நகரசபை சட்டமே போட்டது. 1917-ல் பியூகேனன் எதிர் வார்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் போனது, ஏற்பாடு போகவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதினார்கள், 1930-களில் வங்கிக் கடனுக்கான வரைபடங்களில் அந்தப் பகுதிகளுக்குச் சிவப்பு மை பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று காட்டினார்கள். அறுபது எழுபது வருடம் கழித்துப் பதிவேட்டுச் சட்டம் வந்தபோது மலிவான வீடு எங்கே இருக்கும் என்பதை இந்தப் பழைய வரைபடம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே வரும்.

சார்லட் கதையும் இதேதான் சரவணன். நகரத்தின் நடுவில் புரூக்லின் என்ற கறுப்பினத்தவர் பேட்டை இருந்தது. 1960-களில் நகரப் புதுப்பிப்பு என்று இடித்துத் தள்ளினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. அவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது மேற்கும் வடமேற்கும், நீங்கள் வீடு பார்க்கும் பீட்டீஸ் ஃபோர்ட் ரோடு பக்கம். உங்கள் ஊர்க்காரர்கள் ஊரை 'ஆப்பு', 'பிறை' என்று இரண்டாகப் பிரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். தெற்கே பணக்கார ஆப்பு. மீதி, அதை வளைத்துக் கிடக்கும் ஏழைப் பிறை.

டெக்சாஸ்_பாண்டி

நல்லா எழுதுறீங்க கண்ணன். ஆனால் ஒரு நேரடிக் கேள்வி. கறுப்பினத்தவர் ஏரியாவில் புள்ளி அதிகம் என்றால், அங்கே குற்றவாளி அதிகம் என்பதுதானே எளிய விளக்கம்? எதற்கு 1914-க்குப் போக வேண்டும்?

நிர்மலா_ஃபிளாரிடா

பாண்டி அண்ணா, சரவணன் முதல் பதிவிலேயே சொல்லிவிட்டாரே, புள்ளியைத் திறந்தால் வெள்ளை முகங்கள் என்று. உங்கள் விளக்கம் அதற்குப் பொருந்தாது.

வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் எழுத்தர். கணக்கைச் சொல்கிறேன். தலை எண்ணிக்கையில் பதிவேட்டில் வெள்ளையர்தான் அதிகம். மக்கள்தொகை விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் கறுப்பினத்தவர் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிரெவர் ஹோப் 2016-ல் எழுதிய கட்டுரையின் கணக்குப்படி கறுப்பின ஆண்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர் பதிவில் இருக்கிறார். 2018-ல் அலிசா ஆக்கர்மேன், மேகன் சாக்ஸ் இருவரும் மாநிலம் மாநிலமாகப் பார்த்து அதே திசையில்தான் எழுதினார்கள். அதற்கும் முன்பே, 2004-ல், டேனியல் ஃபில்லர் என்ற சட்டப் பேராசிரியர் மேகன் சட்டத்தின் இனப் பக்கத்தை யாரும் பேசுவதே இல்லை என்று எழுதிவிட்டார்.

ஆனால் இந்த எண்களை வைத்து 'யார் அதிகம் குற்றம் செய்கிறார்கள்' என்று சொல்ல முடியாது. பதிவேடு என்பது தண்டனை பெற்றவர்களின் பட்டியல். புகார் வந்து, போலீஸ் கைது செய்து, வழக்கு நடந்து, தண்டனை ஆனால்தான் பெயர் வரும். நல்ல வக்கீல் வைத்தவருக்குக் குற்றச்சாட்டைப் பதிவு தேவைப்படாத பிரிவுக்கு மாற்றிப் பேரம் பேச முடியும். இதை நான் வேலை செய்யும் இடத்தில் தினமும் பார்க்கிறேன். அப்புறம் இன்னொரு குழப்பம்: பதிவேட்டில் 'இனம்' என்ற கட்டத்தை நிரப்புவது பெரும்பாலும் அதிகாரி. லத்தீன் அமெரிக்கர்கள் பலரை 'வெள்ளை' என்றே போட்டிருப்பார்கள். ஆக வெள்ளை எண்ணிக்கைக்குள்ளேயே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சிகாகோ_ஹமீது

சிகாகோவில் இன்னொரு கொடுமை. எங்கள் மாநிலம் இல்லினாயில் தூரம் 500 அடிதான், குறைவு. ஆனால் லோரின் ஹ்யூஸ், கெரி பர்ச்ஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் 2008-ல் எழுதியதைப் பாருங்கள். சுற்றுச்சூழல் அநீதியா இது என்று தலைப்பிலேயே கேட்டிருப்பார்கள். ஏழைப் பேட்டையில்தான் வீடுகள் நெருக்கம், பள்ளியும் டேகேரும் அடுத்தடுத்து. அதனால் தடை வட்டத்துக்குள் விழும் இடம் அங்கேதான் அதிகம். பெரிய பெரிய மனை உள்ள பணக்காரப் பகுதியில் சட்டப்படி காலி இடம் நிறைய உண்டு, வாடகை கொடுக்க முடியாது. ஏழைப் பேட்டையில் வாடகை கட்டும், சட்டம் விடாது.

தெற்குப் பக்கத்தில் நிறையப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே ஆறேழு குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். உரிமம் பெற்ற வீட்டு டேகேர். பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி அப்படி ஒன்று தொடங்கினால், அதைச் சுற்றி ஒரு வட்டம் புதிதாக முளைக்கிறது.

சரவணன்_சார்லட்

சரி, வெள்ளையர் இங்கே எப்படி வந்தார்கள் என்பது புரிகிறது. விழுந்து வந்திருக்கிறார்கள். அப்படியானால் பதிவில் உள்ள கறுப்பினத்தவர்?

லூயிவில்_கண்ணன்

அங்கேதான் ஆய்வுகளைப் படிக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். பதிவில் உள்ள கறுப்பினத்தவர், பதிவில் உள்ள வெள்ளையரைவிட மோசமான பகுதியில் இருக்கிறார்கள் என்று ஒரு சராசரியைப் போட்டுக் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. பதிவில் இல்லாத கறுப்பினத்தவரும், பதிவில் இல்லாத வெள்ளையரைவிட மோசமான பகுதியில்தானே இருக்கிறார்கள்! பதிவு ஒரு ஆளை எங்கே தள்ளியது என்று தெரிய, அதே இனத்தில் பதிவில் இல்லாதவரோடு ஒப்பிட வேண்டும். இன்னும் நல்லது, அதே ஆளின் கைதுக்கு முந்தைய முகவரியோடு ஒப்பிடுவது.

அப்படிப் பார்த்தால் இரண்டு வழி தெரியும். புறநகரில் சொந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர். சிறை, விவாகரத்து, வீடு போனது. அம்மா அப்பா வீடு பள்ளிக்கூடத்துக்கு 600 அடியில், அங்கே போக முடியாது. வார வாடகை மோட்டலுக்கு வருகிறார். அவரைப் பொறுத்தவரை இது பெரிய சறுக்கல், எந்தக் கணக்கெடுப்பிலும் பளிச்சென்று தெரியும்.

வெஸ்ட் எண்டில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர். சிறைக்குப் போனார், திரும்பி வந்தார். அக்கா வீட்டு மாடியறை. கைதுக்கு முன் இருந்த ஜிப் கோடுதான் இப்போதும். புள்ளிவிவரத்தில் இவருக்கு 'மாற்றம் இல்லை'. பதிவேடு இவரை ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தமா? இல்லை. இவர் வெளியேறும் வழியைத்தான் அது அடைத்திருக்கிறது. வேறு ஊரில் வேலை, வேறு பகுதியில் வாடகை, எல்லாம் மூடிவிட்டது. மேலே போகாமல் நின்றதை எந்த எண்ணும் காட்டாது.

சமூக நிலைமையை அளக்கும் கட்டுரைகளில் இனத்தையும் 'சீர்குலைவு' அளவுகோலில் ஒன்றாகச் சேர்த்துவிடும் பழக்கமும் உண்டு. அதாவது கறுப்பினத்தவர் சதவீதம் கூடினால் பகுதி 'மோசம்' என்று கணக்கு. அப்படிக் கணக்கிட்டுவிட்டு, பார், பதிவில் உள்ள கறுப்பினத்தவர் மோசமான பகுதியில் இருக்கிறார்கள் என்றால், கேள்வியிலேயே விடை இருக்கிறது. எனக்கு இதில் கோபமே உண்டு.

மட்டுறுத்துநர்

ஒரு வேண்டுகோள். யாரோ ஒருவர் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைப் பெயரோடு இங்கே ஒட்டியிருந்தார். நீக்கிவிட்டேன். தகவல் பொதுவில் இருந்தாலும் தனி ஆட்களின் படம், முகவரி இங்கே வேண்டாம். பதிவேட்டைப் பயன்படுத்தி ஒருவரைத் தொந்தரவு செய்வது குற்றம் என்று பல மாநிலத் தளங்களில் முகப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

நிர்மலா_ஃபிளாரிடா

கண்ணன் சொன்ன 'மிச்சம்' எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2005-ல் மயாமி-டேட் 2,500 அடி என்று விதி போட்டதும், விடுதலை ஆனவர்களுக்குத் தங்க இடமே இல்லாமல் போனது. கடைசியில் விரிகுடாவைக் கடக்கும் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் கூடாரம் போட்டார்கள். கண்காணிப்பு அதிகாரிகள் ராத்திரியில் வந்து ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துப் போவார்கள். சிலரின் ஓட்டுநர் உரிமத்திலேயே முகவரி அந்தப் பாலம்தான். 2010-ல் அந்த முகாமைக் கலைத்தார்கள். பிறகு ஹயலியா பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு முகாம், அதை 2018-ல் கலைத்தார்கள்.

பஹோக்கி என்ற ஊருக்கு வெளியே கரும்புக் காட்டுக்கு நடுவே இன்னொரு இடம் இருக்கிறது. கரும்புத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய வரிசை வீடுகள். 2009-ல் ஒரு பாதிரியார் பதிவில் உள்ளவர்களை அங்கே குடிவைக்க ஆரம்பித்தார், நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். சுற்றிலும் பள்ளி இல்லை, டேகேர் இல்லை, கரும்பு மட்டும்தான். பஹோக்கியே ஏழை ஊர், கறுப்பினத்தவர் பெரும்பான்மை. ஃபிளாரிடாவில் எத்தனையோ ஊர் இருக்க, இவர்களுக்கு இடம் கிடைத்தது அங்கே.

புதுவை_ராஜா

இந்தியாவில் இப்படிப் பட்டியல் வரப்போகிறது என்று சொன்னார்களே?

நிர்மலா_ஃபிளாரிடா

வந்துவிட்டது. 2018 முதல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. ஆனால் போலீசும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். வீட்டுத் தெருவைப் போட்டுத் தேட முடியாது. அதனால் இங்கே பேசும் வாடகைப் பிரச்சினை அங்கே எழவில்லை.

டெக்சாஸ்_பாண்டி

எல்லாரும் குற்றவாளிக்கு இடம் கிடைக்கவில்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பாலத்தடியில் இருந்தால் இருக்கட்டும். எங்கள் லபக்கில் 2005-லேயே ஒரு மனைப்பிரிவு போட்டார்கள், பதிவில் உள்ளவருக்கு வீடு விற்கவே கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை. நல்ல ஏற்பாடு என்பேன்.

மீனாட்சி_கேரி

பாண்டி, அந்தப் பத்திர நிபந்தனைக்குப் பணம் இருக்கிற மனைப்பிரிவு வேண்டும். இல்லாதவர்கள்?

நான் வேலை செய்யும் கிளினிக்கில் கூட இருக்கும் நர்ஸ் ஒருவர், கறுப்பினப் பெண், டர்ஹமில் வீடு. பேரப்பிள்ளைகள் இருவர் அவரோடு. அவர் வீட்டு ஃபிரிட்ஜில் பதிவேட்டுப் பக்கங்களை அச்செடுத்துக் காந்தத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பள்ளிப் பேருந்து வரும் வழியில் இருப்பவர்களின் படம் மட்டும். ஒவ்வொரு மாதமும் மாற்றுவார், ஏனென்றால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். "எங்கள் தெருப் பையன்கள் இல்லை இவர்கள், ஊரெல்லாம் வேண்டாம் என்று அனுப்பியவர்கள்" என்றார். எல்லாரும் குற்றவாளியின் இனத்தைப் பேசுகிறீர்கள். அவர்களைச் சுற்றிக் குடியிருக்கும் குழந்தைகளின் இனத்தையும் பேசுங்கள். பாலண்டைன் குழந்தைக்கு அங்கொன்றும் இங்கொன்றும், இவர் பேரனுக்குக் கொத்து. இரண்டும் ஒரே சட்டம் கொடுத்த 'பாதுகாப்பு'.

சிகாகோ_ஹமீது

மீனா அக்கா, இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

லூயிவில்_கண்ணன்

அக்கா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஏழைப் பேட்டையும் சும்மா இருப்பதில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹார்பர் கேட்வே என்று ஒரு பகுதி, லத்தீன் அமெரிக்கர்கள் அதிகம். பதிவில் உள்ளவர்கள் நிறையப் பேர் அங்கே ஒன்றிரண்டு கட்டடங்களில் குவிந்திருந்தார்கள். நகரசபை 2013 வாக்கில் ஒரு தெருமுனையில் துண்டு நிலத்தில் குட்டிப் பூங்கா ஒன்று திட்டமிட்டது. ஏறி விளையாட ஒரு சாதனம், பெஞ்ச், அவ்வளவுதான். பூங்கா என்று பெயர் வந்துவிட்டால் 2,000 அடி விதி அமலாகும், ஆட்கள் கிளம்ப வேண்டும். விளையாட இடமில்லாத பகுதிக்குப் பூங்கா வந்ததே, ஆட்களை விரட்டுவதற்குத்தான். அவர்கள் கிளம்பி எங்கே போவார்கள்? பூங்கா கட்டப் பணமில்லாத அடுத்த பேட்டைக்கு.

அந்த 2,000 அடி, கலிஃபோர்னியாவில் 2006-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்தது. சான் டியேகோ கவுன்ட்டியில் அடுக்குமாடி வாடகை வீடுகளில் 97 சதவீதம் தடைக்குள் வந்துவிட்டது என்பதைக் காட்டி, பரோலில் இருக்கும் எல்லார் மீதும் கண்ணை மூடிக்கொண்டு அதை அமல்படுத்தக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது.

டெக்சாஸ்_பாண்டி

சரி, நியாயமாக ஒன்று கேட்கிறேன். இந்த அடிக்கணக்கு குழந்தைகளைக் காப்பாற்றுகிறதா இல்லையா? காப்பாற்றினால் மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

நிர்மலா_ஃபிளாரிடா

நல்ல கேள்வி. மினசோட்டா சிறைத் துறை 2007-ல் இதையே பார்த்தது. 1990 முதல் 2002 வரை விடுதலையாகி, மறுபடியும் பாலியல் குற்றம் செய்து 2006-க்குள் சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். வீட்டுத் தூர விதி இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று சொல்லத்தக்க வழக்கு ஒன்றுகூட இல்லை. குற்றவாளி பள்ளி வாசலில் காத்திருந்து பிடிப்பதில்லை. காதலியின் குழந்தை, நண்பரின் குழந்தை, உறவு. காவல்துறைக்கு வந்த புகார்களை வைத்து 2000-ல் நீதித் துறை வெளியிட்ட அறிக்கையில், பாதிக்கப்பட்ட குழந்தைகளில் முன்பின் தெரியாத ஆளால் பாதிக்கப்பட்டவர்கள் 7 சதவீதம். மீதி 93 சதவீதம் குடும்பம் அல்லது தெரிந்தவர்.

திரும்பக் குற்றம் செய்வோர் 80 சதவீதம் வரை என்று ஒரு எண் சுற்றிக்கொண்டே இருக்கும், 2002-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே ஏறியது. ஐரா எல்மேன், டாரா எல்மேன் இருவரும் 2015-ல் அதன் ஊற்றைத் தேடிப் போனால், அது 1986-ல் ஒரு ஜனரஞ்சக மனநல இதழில், சிகிச்சை மையம் நடத்தியவர் ஆதாரம் காட்டாமல் எழுதிய ஒரு வரி. 2005-ல் விடுதலையானவர்களை ஒன்பது வருடம் தொடர்ந்த நீதித் துறைப் புள்ளிவிவரத்தில் மறுபடியும் பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 7.7 சதவீதம். புகாரே வராத குற்றங்கள் உண்டு, உண்மை எண் கூடுதலாக இருக்கும். ஆனாலும் 80 எங்கே, இது எங்கே.

டெக்சாஸ்_பாண்டி

மினசோட்டா விஷயம் எனக்குப் புதுசு. ஆனாலும் என் பக்கத்து வீட்டில் வேண்டாம். இதை ஒப்புக்கொள்ளும் தைரியமாவது எனக்கு இருக்கிறது. உங்களில் யாரும் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டீர்கள்.

மீனாட்சி_கேரி

நானும் விரும்ப மாட்டேன்தான். அதனால்தான் எல்லாரையும் அந்த நர்ஸ் வீட்டுப் பக்கம் அனுப்புவது சரியில்லை என்கிறேன்.

லூயிவில்_கண்ணன்

சரவணனின் முதல் கேள்விக்கு யாரும் பணக் கணக்கு சொல்லவில்லை. ஆச்சரியம், அந்த ஆய்வு நடந்ததே உங்கள் ஊரில். லிண்டன், ராகாஃப் இருவரும் மெக்லன்பர்க் கவுன்ட்டியில் பதிவில் உள்ளவர் குடிவந்த தேதியையும் அக்கம்பக்க வீட்டு விற்பனையையும் வைத்து 2008-ல் எழுதினார்கள். பத்தில் ஒரு மைலுக்குள் இருக்கும் வீடுகளின் விலை சராசரியாக 4 சதவீதம் இறங்கியது, ஒட்டிய வீடு என்றால் 12 சதவீதம் வரை. அதைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. எனவே மோட்டல் எத்தனை தூரம் என்று அளந்து பாருங்கள். வாங்குகிற உங்களுக்கு அது தள்ளுபடி, ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருக்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு அது சேமிப்பில் விழுந்த அடி. சொத்து என்று அவர்களிடம் இருப்பதே பெரும்பாலும் அந்த வீடு ஒன்றுதான்.

சரவணன்_சார்லட்

அளந்தேன். முக்கால் மைலுக்கு மேல், நடுவில் நெடுஞ்சாலை வேறு. எங்கள் ரியல்டரிடம் (வீட்டுத் தரகர்) "ஏரியா எப்படி" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுகிறார். ஏன்?

நிர்மலா_ஃபிளாரிடா

1968 நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி இனத்தைச் சொல்லி வாங்குபவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடக் கூடாது. உரிமம் போய்விடும் என்று பயம். அதனால் "நீங்களே பள்ளித் தரவரிசை பாருங்கள், குற்ற வரைபடம் பாருங்கள்" என்பார்கள். வாயால் சொல்லக் கூடாததை வரைபடம் சொல்லிவிடுகிறது. வட கரோலினாவில் பக்கத்தில் பதிவில் உள்ளவர் இருப்பதை விற்பவர் தானாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

சரவணன்_சார்லட்

நன்றி. இந்த இழை முழுவதையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கு மோட்டல் விஷயமும் 93 சதவீதமும் உறைத்தது. "அப்போ பதிவேட்டைவிட யார் யார் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்" என்றாள். சனிக்கிழமை அந்த வீட்டை நேரில் பார்க்கப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிப் பார்க்கவும் எண்ணம்.

மீனாட்சி_கேரி

போங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள், தெரு வேறு மாதிரி இருக்கும். பதிவேட்டுத் தளத்தில் முகவரியைக் கொடுத்து வைத்தால் புதிதாக யாராவது குடிவந்தால் மின்னஞ்சல் வரும், அதையும் செய்து வையுங்கள்.

டெக்சாஸ்_பாண்டி

தம்பி, அந்தப் பக்கம் சொத்து வரி எப்படி? பாலண்டைனோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறையும்?

மட்டுறுத்துநர்

சொத்து வரிக்குத் தனி இழை இருக்கிறது பாண்டி, அங்கே கேளுங்கள்.